சிறுநீரக நோயின் முன்னறிகுறிகள்: கைஸ் மருத்துவமனை ஆய்வுகள் (1827–1982)

முன்னுரை

சிறுநீரக நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்வது. அதனைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முயற்சியில் லண்டன் கைஸ் மருத்துவமனைக்குத் தனியிடம் உண்டு. முன்னறிகுறி என்பதன் பொருள் அங்கு மாறிவந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வீக்கமும் சிறுநீரும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடலில் நீர் கோத்து வீங்குவது தனி நோயாகவே பெரிதும் கருதப்பட்டது. வீக்கமுற்ற நோயாளியின் சிறுநீர் சூட்டில் உறைவதை இத்தாலிய மருத்துவர் டொமினிகோ கொட்டுன்யோ 1764இலேயே பதிவுசெய்திருந்தார். எனினும் அதன் காரணம் தெளிவாகவில்லை. கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் ரிச்சர்டு பிரைட், 1827இல் வெளியிட்ட நூலில் வீக்கம், உறையும் சிறுநீர், பிணக்கூறாய்வில் கண்ட சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றையும் இணைத்துக் காட்டினார்.

1836இல் எழுதிய கட்டுரையில், காலையில் முகம் வீங்குதல், கணுக்கால் பருத்தல், சிறுநீரில் குருதி கலத்தல் ஆகியவற்றை நோயின் தொடக்கமாக அவர் விவரித்தார். கரண்டியில் சிறிது சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், அதிலுள்ள அல்புமின் என்னும் புரதம் வெண்மையாகத் திரளும் என்பதையும் எடுத்துரைத்தார். எந்த மருத்துவரும் நோயாளியின் படுக்கையருகிலேயே செய்யக்கூடிய சோதனை இது. 1842இல் இந்நோயாளிகளுக்கென 42 படுக்கைகள் கொண்ட இரு கூடங்களும் ஓர் ஆய்வகமும் அங்கு ஒதுக்கப்பட்டன.

நுண்ணளவு அல்புமின்

கரண்டியில் திரளுமளவு புரதம் வெளியேறும்போது சிறுநீரகம் பெரும்பாலும் ஏற்கெனவே பழுதுற்றிருக்கும். இக்குறையை நீக்கும் வழி அதே மருத்துவமனையில் பிறந்தது. பழைய சோதனைகளுக்குப் புலப்படாத அல்புமினை அளக்கும் முறையை ஹாரி கீன், க்ளூவராக்கிஸ் ஆகியோர் 1963இல் வெளியிட்டனர். அம்முறையால் முன்னர் அளக்கப்பட்ட, இன்சுலின் சார்ந்த நீரிழிவு நோயாளிகள் 63 பேரை 14 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த முடிவுகளை விபெர்ட்டி குழுவினர் 1982இல் வெளியிட்டனர். அல்புமின் வெளியேற்றம் நிமிடத்திற்கு 30 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்த 55 பேரில் இருவருக்கே சிறுநீரக நோய் வெளிப்பட்டது. 30 முதல் 140 வரை இருந்த 8 பேரில் எழுவருக்கு வெளிப்பட்டது.

முடிவுரை

முகவீக்கத்தை நோயாளியே காணலாம். நுண்ணளவு அல்புமினைத் தேடினாலன்றிக் காணவியலாது. ஆகவே, முன்னறிகுறி என்பது நோயாளி வந்து கூறும் குறை என்ற நிலையிலிருந்து, குறையேதும் உணராதவரிடமும் மருத்துவர் தேட வேண்டிய சான்று என்ற நிலைக்கு மாறியது. நீரிழிவு நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் சிறுநீர்ச் சோதனை வலியுறுத்தப்படுவது இம்மாற்றத்தின் விளைவேயாகும்.