இசட்எஃப்எஸ்ஸை எழுப்பிவிடும் ஸ்கிரிப்ட்கள்: ஒரு சின்ன வரலாறு

இசட்எஃப்எஸ் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் செக்சம், ஸ்னாப்ஷாட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. ஒரு ஸ்பார்க் மெஷினில் எழுதிய டிஸ்க்குகளைக் கழற்றி இன்டெல் மெஷினில் மாட்டினால் அப்படியே படித்துவிடும். இத்தனைக்கும் இரண்டும் எண்களின் பைட்டுகளை எதிரெதிர் வரிசையில் வைக்கும் ப்ராசசர்கள். ஒவ்வொரு பிளாக்கும் எந்த வரிசையில் எழுதப்பட்டது என்ற குறிப்பு, அந்த பிளாக்கைச் சுட்டும் பாயின்டரிலேயே இருக்கும். தேவைப்பட்டால் படிக்கும்போது புரட்டிக்கொள்ளும். சன் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் 2001-இல் தொடங்கிய வேலை இது. 2005 அக்டோபர் கடைசியில் சொலாரிஸின் மூல நிரலில் சேர்ந்தது.

இவ்வளவு யோசித்துச் செய்த ஃபைல் சிஸ்டத்தை, மெஷின் பூட் ஆகும்போது கண்டுபிடித்து மவுன்ட் செய்கிற ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கே, அது மட்டும் ஒரு லினக்ஸிலிருந்து இன்னொரு லினக்ஸுக்கே ஒழுங்காகப் போகாது. ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னால போகணும்.

ஆரம்பகால யூனிக்ஸில் பூட் ஆனதும் ஓடுவது 'ஆர்சி' என்ற ஒரே ஒரு கோப்பு. 1960-களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் கணினிக்காக லூயி புசான் எழுதிய 'ரன்காம்' என்ற வசதியின் சுருக்கம் அந்தப் பெயர். ஒரே கோப்பு என்பதால் வரிசை பற்றிய குழப்பமே கிடையாது, மேலிருந்து கீழே ஓடும். ஆனால் வெளியார் ஒருவர் தன் மென்பொருளை அதில் நுழைக்க வேண்டுமானால் அந்தக் கோப்பையே திருத்தியாக வேண்டும். சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்தவர்கள் அதை உடைத்து, ஆளுக்கொரு ஸ்கிரிப்ட், பெயருக்கு முன்னால் ஒரு எண் என்று வைத்தார்கள். 20-க்குப் பிறகு 35, அதற்குப் பிறகு 80. உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு என்ன எண்? அது அந்த டிஸ்ட்ரோவில் மற்றவர்கள் என்ன எண் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதாவது, குத்துமதிப்பு.

இதற்குச் சரியான விடையை முதலில் தந்தவர்களில் நெட்பிஎஸ்டிக்காரர்களைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 2000 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பில், லூக் மியூபர்ன் முன்னெடுத்த மாற்றத்தில், ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தான் எதைத் தருகிறது, தனக்கு எது தேவை என்று கமென்ட் வரிகளில் சொன்னால் போதும். வரிசையை ஒரு சின்ன நிரல் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஃப்ரீபிஎஸ்டி இதை 2003-இல் எடுத்துக்கொண்டது. லினக்ஸ் பக்கம் எல்எஸ்பி தரம் இதே மாதிரி ஒரு தலைப்பு வரியைக் கொண்டுவந்தது. டெபியன் அதை நம்பி இயல்பாகவே வரிசைப்படுத்தத் தொடங்கியது 2011-இல்தான். சொலாரிஸ் 2005-லேயே எஸ்எம்எஃப் என்று எக்ஸ்எம்எல் பக்கம் தனி வழி போய்விட்டது.

இந்தச் சந்தைக்குள்தான் இசட்எஃப்எஸ் வந்து இறங்கியது. 2008 வாக்கில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிரையன் பெலன்டார்ஃப் அதை லினக்ஸுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். (அப்பாச்சி பிரையன் பெலன்டார்ஃப் வேறு ஆள், பெயர் மட்டும்தான் ஒன்று.) அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. 2012-இல் செக்கோயா சூப்பர் கம்ப்யூட்டருக்காக 55 பெட்டாபைட் லஸ்டர் சேமிப்பு இதன் மேல்தான் நின்றது.

லைசென்ஸ் சிக்கலால் லினக்ஸ் கர்னலுக்குள் சேர முடியாது. அதனால் மாட்யூலை ஏற்றுவதிலிருந்து எல்லாமே ஸ்கிரிப்ட்டின் தலையில். இன்னொன்று, மற்ற ஃபைல் சிஸ்டங்கள் மாதிரி இதற்கு எஃப்எஸ்டேப் கோப்பில் வரி தேவையில்லை. எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்பது டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். ரொம்ப வசதி. ஆனால் காலங்காலமாக "எல்லா லோக்கல் டிஸ்க்கையும் மவுன்ட் பண்ணு" என்று ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு இது கண்ணிலேயே படாது. 'வார்' அடைவு இசட்எஃப்எஸ்ஸில் இருந்தால், பதிவு எழுதும் சேவைகள் எழும்புவதற்கு முன் அது வந்தாக வேண்டும். வராவிட்டால் அடியில் இருக்கும் வெற்று அடைவில் எழுதித் தொலைக்கும். டிஸ்க்குகளோ லினக்ஸில் ஒவ்வொன்றாக, தன் இஷ்டத்துக்கு, தலைகாட்டும்.

அந்தத் திட்டத்தின் இனிட் ஸ்கிரிப்ட்களைத் திறந்து பாருங்கள். எவ்வளவு இடங்களிலும் ஓட வேண்டும் என்பதே நோக்கம். இம்போர்ட், மவுன்ட், ஷேர், நிகழ்வுகளைக் கவனிக்கும் டீமன் என வேலையைப் பிரித்து, பொதுவானதை ஒரு ஃபங்ஷன் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொதுக் கோப்பில் பாதி எதற்குத் தெரியுமா? திரையில் "சரி" என்று காட்டுவது மாதிரியான சில்லறை விஷயங்களுக்கு. ரெட்ஹாட்டில் ஒரு ஃபங்ஷன், டெபியனில் இன்னொன்று, ஜென்டூவில் வேறு. செட்டிங்ஸ் கோப்பும் மூன்று இடத்தில் இருக்கும். டெபியனின் ஷெல் டேஷ், அதனால் பேஷ் வசதிகளைத் தொடக்கூடாது. அடைவுப் பாதைகளை எழுதவே இல்லை. பில்ட் செய்யும்போது நிரப்பிக்கொள்ளும்படி காலியிடம் விட்டிருக்கிறார்கள்.

இதில் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் இம்போர்ட். ஒரே டிஸ்க் அலமாரியை இரண்டு சர்வர்கள் பார்க்கும்படி கேபிள் போட்டிருக்கும்போது, இரண்டும் ஒரே பூலை இம்போர்ட் செய்தால் டேட்டா நாசம்தான். அதைத் தடுக்க, கடைசியாகப் பயன்படுத்திய மெஷினின் ஹோஸ்ட்ஐடி பூலிலேயே பதிவாகும். சன் மெஷின்களில் அந்த எண் வன்பொருளிலிருந்து வரும், தனித்தனி. லினக்ஸில் அதற்கென்று கோப்பு இல்லாவிட்டால் ஜிலிப்சி மெஷினின் ஐபி முகவரியிலிருந்து எண்ணைச் செய்துகொள்ளும். டெபியன் தன் பெயருக்கு வழக்கமாக வைக்கும் முகவரி 127.0.1.1. விளைவு, ஊரிலுள்ள டெபியன் மெஷினுக்கெல்லாம் ஒரே அடையாள எண்! பூட்டுக்கெல்லாம் ஒரே சாவி. ஸ்கிரிப்ட் எழுதுபவர் மேல் தப்பே இல்லை, ஆனால் அவர் கட்டாய இம்போர்ட் ஆப்ஷனைப் போட்டுவிட்டால் இருந்த கொஞ்சநஞ்ச காவலும் போச்சு. 2017-இல் வந்த 0.7 பதிப்பில்தான் தனி எண் உருவாக்க ஒரு கட்டளையும், இன்னொரு மெஷின் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறதா என்று டிஸ்க்கையே பார்த்துக் கண்டுபிடிக்கும் மல்டிஹோஸ்ட் வசதியும் வந்தன.

இதற்குள் சிஸ்டம்டி வந்துவிட்டது. ஃபெடோரா 2011-இல், டெபியன் 2015-இல் மாறின. யூனிட் கோப்பில் "லோக்கல் டிஸ்க் இலக்குக்கு முன்" என்று ஒரு வரி போட்டால் வரிசைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஷெல் ஜாலவித்தை குறைந்தது. சிஸ்டம்டியைத் திட்டுபவர்கள் இந்த ஒரு வரிக்காகவாவது கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். பழைய இனிட் ஸ்கிரிப்ட்களும் போய்விடவில்லை, சிஸ்டம்டி வேண்டாம் என்பவர்களுக்காக இன்றும் அதே மூலத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன.

2020 கடைசியில் ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.0 வந்தபோது லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூல நிரல் ஆனது. பூட் ஸ்கிரிப்ட் மட்டும் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் சேரவில்லை. ஃப்ரீபிஎஸ்டியின் ஸ்கிரிப்ட் இன்றும் ஃப்ரீபிஎஸ்டியின் மூலத்தில்தான் இருக்கிறது.