பதினேழில் தொடங்கி இருபதில் முடிந்தது

2025 ஜூலையில் திருப்பூர் தமிழன்ஸ் அணி டி.என்.பி.எல். கோப்பையை வென்றபோது அதன் கேப்டன் சாய் கிஷோர் ஒரு சுழற்பந்து வீச்சாளர். பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து டென்னிஸ் பந்தில் ஸ்பின் போட்டுப் பழகும் நம்மூர்ப் பையன்கள், அவருக்கு முன்னே போன லெக் ஸ்பின்னர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணனின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1965 டிசம்பர் 31 அன்று சென்னையில் பிறந்தவர். முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே டெல்லியை 28 ரன்னுக்கு 7 விக்கெட் என்று சுருட்டினார். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட். வயது 17. அதுவரை இந்தியாவுக்கு ஆடியவர்களில் அவரைவிட இளையவர் எவரும் இல்லை.

1984 நவம்பரில் பம்பாய். மூன்று வருடமாக டெஸ்ட் வெற்றியையே காணாத இந்தியா, இங்கிலாந்தை எதிர்கொண்டது. சிவா முதல் இன்னிங்சில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6. இந்தியா வென்றது. அடுத்து டெல்லியிலும் ஒரே இன்னிங்சில் 6. 1985 மார்ச் 10, மெல்போர்னில் உலக கிரிக்கெட் சாம்பியன்ஷிப் ஒருநாள் தொடரின் இறுதி ஆட்டம்: 48 ரன்னில் நின்றிருந்த பாகிஸ்தானின் மியாண்டட், சிவாவின் பந்தில் சதானந்த் விஸ்வநாத்தால் ஸ்டம்பிங் ஆனார். அந்த மாலை மறக்கக்கூடியதா!

1986 ஜனவரியில் சிட்னியில் ஆடியதே அவரது கடைசி டெஸ்ட். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அப்போதுதான் 20 வயது முடிந்திருந்தது. லெக் ஸ்பின் மணிக்கட்டில் படியவே வருடக்கணக்காகும். ஷேன் வார்ன் முதல் டெஸ்ட் ஆடியதே 22 வயதில். அந்தப் பொறுமையை சிவாவுக்கு யாரும் காட்டவில்லை என்பதே என் வருத்தம்.

2000 நவம்பரில், வங்கதேசத்தின் முதல் டெஸ்டுக்காக டாக்காவில் சிவா வர்ணனையாளராக மைக் பிடித்தார். பிறகு உலகமெங்கும் அந்தக் குரல் கேட்டது. கூக்ளி கையைவிட்டு வரும்போதே இனம் காட்டும் அறிவு, வீசிப் பார்த்தவருக்கே வரும்.

2021 இல் அவர் வெளிப்படையாக எழுதினார்: வாழ்நாள் முழுக்க நிறத்தின் பேரால் ஒதுக்கப்பட்டேன், அதுவும் நம் நாட்டிலேயே என்று. அவர் வீசிய பந்துகளைக் கொண்டாடிய நாம் இதையும் காதில் வாங்க வேண்டும்.