கரும்பின் மறுதாம்புக் குட்டை நோய்

மறுதாம்புக் குட்டை நோய் என்பது, கரும்பின் நீர்க்குழாய்களில் மட்டும் குடியிருந்து, தோகையிலோ தண்டின் மேற்புறத்திலோ யாதொரு அடையாளமும் காட்டாமல், கணுவிடைகளைக் குறுக்கியும் தண்டை மெலித்தும் விளைச்சலைக் குறைக்கும் ஒரு பாக்டீரியா வியாதியாகும். இதன் காரணகர்த்தாவாகிய லைஃப்சோனியா சைலி என்னும் சூக்ஷ்ம ஜீவி மிக மெதுவாகவே பெருகும் இயல்புடையது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1944–45ஆம் பருவத்தில், கியூ 28 என்னும் இரகத்தின் மறுதாம்புப் பயிர், அதாவது அறுத்த கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும் பயிர், காரணமின்றிக் குன்றியதை ஆராய்ந்தபோது இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது. நெடுங்காலம் வைரஸ் என்றே கருதப்பட்டு வந்த இக்கிருமி, 1973இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பாக்டீரியாவாகத் தென்பட்டு, 1980இல்தான் செயற்கை ஊடகத்தில் வளர்க்கப்பட்டது.

கரும்பின் வளர்ச்சி நுனிக் குருத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே அமைந்த வளர்வளையத்தில் செல்கள் பிரிந்து நீள்வதாலேயே கணுவிடை உயர்கிறது. அவ்வாறு நீள்வதற்கு இடையறாத நீரோட்டம் இன்றியமையாதது. நோய்க்கிருமியோ, நீரை மேலேற்றும் சைலக் குழாய்களில், விசேஷமாகக் கணுக்களில் அவை பின்னிப் பிரியும் ஸ்தானங்களில் திரண்டு, பிசின் போன்ற பொருளும் உடன் சேர, அவ்வழியை அடைத்து விடுகிறது. இதனோடு, நோயுற்ற கரும்பில் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்கள் குறைந்து, அதனைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் மிகுவதாகவும் ஆராய்ச்சிகள் சுட்டுகின்றன; ஆகவே குட்டையாதலை வெறும் அடைப்பின் பலன் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. முற்றிய கரும்பின் அடிக்கணுவைச் சீவிப் பார்த்தால் செம்மஞ்சள் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் தெரிவதுண்டு. செவ்வழுகல் நோயைப் போல இச்சிவப்பு கணுவிடைக்குள் பரவுவதில்லை. சில இரகங்களில் அப்புள்ளிகளும் தோன்றா. இதற்கு மாறாக, வேறொரு பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல் நோயில், அல்பிசிடின் என்னும் நஞ்சு பச்சையத்தின் உற்பத்தியையே தடுத்து, இலையில் பென்சிலால் இழுத்தாற்போன்ற வெண்கோடுகளை இடுகிறது. அங்ஙனம் முகங்காட்டும் நோய் ஒருவகையில் உழவருக்கு அனுகூலமே.

சென்னைக்கு மேற்கே திருவள்ளூர் மாவட்டத்தில் கரும்பு பயிராவதும், திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிறுவப்பட்டிருப்பதும் பலரும் அறிந்ததே. இங்கும் ஏனைய தமிழ் மாவட்டங்களிலும், ஓர் இரகம் சில ஆண்டுகள் நன்கு விளைந்து பின்னர் குன்றினால், மண் சத்திழந்தது என்றோ இரகம் தேய்ந்தது என்றோ சொல்லி அமைவது வழக்கம். இரகத்தின் தேய்வு என்று கூறப்படுவதில் பெரும்பங்கு, கரணை வழியே ஆண்டுக்காண்டு சேர்ந்த இந்நோயும் இதுபோன்ற பிற நோய்களுமே எனக் கொள்வதற்கு இடமுண்டு. முதற்பயிரில் லேசாக இருந்து மறுதாம்பில் கடுமையாவதும், நீர் தட்டும் கோடையில் இழப்பு மிகுவதும் இதன் சுபாவம்.

காற்றாலோ பூச்சியாலோ இது பரவுவதாக நிரூபணம் இல்லை. விதைக்கரணையும், அதனை நறுக்கும் கத்தியும், அறுவடை அரிவாளும், இயந்திரத்தின் அலகுமே இதன் வாகனங்கள். விதைக்கரணைகளை 50 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமுள்ள நீரில் 2 மணி நேரம் அமிழ்த்துவது நெடுநாள் வழக்கிலுள்ள பரிகாரம்; சற்றுக் கவனம் தவறினால் பருக்கள் வெந்து முளைப்புக் குன்றும். ஆதலால் அதே வெப்பத்தில் காற்றுக் கலந்த நீராவியை 1 மணி நேரம் செலுத்தும் முறை நம் நாட்டில் கைக்கொள்ளப்பட்டது. 1912இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க ஸ்தாபனம் போன்ற ஆராய்ச்சி நிலையங்களில், குருத்து நுனித் திசுவை வளர்த்து நோயற்ற நாற்றுகளையும் உண்டாக்குகின்றனர். அவ்வாறு தூய்மையாக்கிய விதையையும், கிருமிநாசினியில் தோய்க்காத ஒரே கத்தி மீண்டும் கெடுத்துவிடும். நின்ற பயிரில் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. பழைய கட்டைகளை வேரோடு களைந்து, தானே முளைக்கும் தூர்களையும் அழித்த பின்பே, அந்நிலத்தில் புதுக்கரணை நடுதல் வேண்டும்.