கோம்பை நாய்: குணமும் குறைந்துபோன மவுசும்

கோம்பை, தமிழகத்து நாட்டு நாய் இனங்களுள் ஒன்று. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை என்ற ஊரின் பெயரே இனத்துக்கும் பெயர். நடுத்தர உயரம், இறுகிய உடம்பு, குட்டை முடி, செவலை நிறம், கறுத்த வாய், மேல்நோக்கி வளைந்த வால். ராஜபாளையம்போல வெள்ளையும் அல்ல, சிப்பிப்பாறைபோல ஒல்லியும் அல்ல. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு நாய் இனங்கள் வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிப்பவை. கோம்பை, காட்டுப்பன்றியை மடக்கி நிறுத்துவது. புதருக்குள் நுழைந்து, தன்னைவிடப் பெரிய விலங்கின் முன்னால் பின்வாங்காமல் ஆள் வரும்வரை நிற்பதுதான் அதன் வேலை. பிரிட்டனில் நரியைப் பொந்துக்குள்ளேயே போய் எதிர்த்த டெரியர் நாய்களோடு அதற்கு உறவு ஏதும் இல்லை. ஆனால் தொழிலாலும் பிடிவாதத்தாலும் நம் பக்கத்தில் டெரியருக்கு மிக அருகில் வருவது இதுதான். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இதை வைத்திருக்கும் வீடுகள் அரிது. காரணம் கேட்டால், "அது கடிக்கிற நாய், டவுனுக்கு ஆகாது" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அந்தப் பதிலை ஏற்க முடியாது. கோம்பையின் குணம் மாறவில்லை. அதற்கு வேலை கொடுத்த ஏற்பாடும், அதை ஒழுங்காகப் பெருக்கிக் கொடுக்கும் ஏற்பாடும்தான் இல்லாமல் போயின.

பழைய வரலாற்றில் சான்று குறைவு, கதை அதிகம். புலியை எதிர்த்த நாய், ஜமீன்தார் உயிரைக் காத்த நாய் என்று சொல்லப்படுபவற்றை ஒதுக்கிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் நூல்களில் 'பாளையக்காரர் நாய்' என்று ஒரு பன்றிவேட்டை நாய் வருகிறது. அதை இன்றைய கோம்பை என்றோ ராஜபாளையம் என்றோ அடித்துச் சொல்ல வழியில்லை. அன்றைக்கு இனம் என்பது ஏட்டில் இருக்கவில்லை. இந்தப் பாளையத்து நாய், அந்தப் பாளையத்து நாய் என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் ஒன்று தெளிவு: இந்த நாய்களுக்குச் சோறு போட்டது வேட்டையும் அதை நடத்திய ஜமீன்களும். 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை முடித்துவைத்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. கால் நூற்றாண்டுக்குள் புரவலரும் போனார், பிழைப்பும் போனது. மிஞ்சியது தோட்டக்காவல் மட்டும். இரண்டு சட்டங்களும் வேண்டியவையே. நாயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதற்காக அவற்றைக் குறை சொல்வதற்கில்லை.

தோட்டக்காவல் நாய்க்கு மேற்குப் புறநகரில் ஒரு காலத்தில் இடம் இருந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் திறக்கப்பட்டது. வேலைக்கு வந்தவர்கள் ஏரிகளையும் வயல்களையும் ஒட்டிய மனைகளை வாங்கி, ஒரு கிரவுண்டில் சின்ன வீடும் மீதியில் தென்னையும் கிணறுமாகக் குடியேறினார்கள். பக்கத்து மனை காலி, அதில் முள்செடி, மழை பெய்தால் பாம்பு, தெருவிளக்கு இல்லாத ராத்திரி. அப்படிப்பட்ட காம்பவுண்டுக்குள் அவிழ்த்துவிட்ட நாய்க்கு வேலை நிறைய. பிறகு அந்த வீடுகள் மாடி மேல் மாடியாக எழும்பி வாடகைக்கு விடப்பட்டன. இல்லையென்றால் பில்டரிடம் கொடுக்கப்பட்டு அடுக்குமாடிகளாயின. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியானது. கிணற்றடி, கார் நிறுத்துமிடமாயிற்று. காவல் வேலை சிசிடிவி கேமராவுக்கும் செக்யூரிட்டி ஏஜென்சிக்கும் போயிற்று.

குணம் என்ன என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் குற்றச்சாட்டு அதன் மேல்தான். கோம்பை வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும். வெளியாளை எளிதில் நம்பாது. சொன்னதைச் செய்யும், ஆனால் தான் கண்ட ஒன்றை விரட்டத் தொடங்கிவிட்டால் காது கேட்காததுபோல ஓடும். பூனை, கோழி, பெருச்சாளி எதையும் விட்டுவைக்காது. நாள்தோறும் நன்றாக ஓட வேண்டும். இப்படிப்பட்ட நாயை கேட்டுக்குப் பக்கத்தில் நான்கடிச் சங்கிலியில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? பால்காரர், சிலிண்டர் போடுபவர், டெலிவரி பையன் என்று ஒவ்வொருவரும் அதன் எல்லைக்குள் வந்து போகிறார்கள். அதால் விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது. குரைத்துக் குரைத்து, ஒருநாள் சங்கிலி அறும்போது கடிக்கிறது. அதோடு, நாய்க்குட்டி மனிதர்களோடும் ஓசைகளோடும் பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரைதான் என்பது நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் நிறுவிய செய்தி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. தோட்டத்தில் தாயோடு இருந்த குட்டி, அதற்கும் முன்பே அட்டைப்பெட்டியில் ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, மூன்றாம் மாடிப் பால்கனியில் வந்து இறங்கினால், அது வளர்ந்தபின் காட்டும் முறைப்பில் இனத்தின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

உண்மையில் முரட்டுக் குணம் ஒரு நாயைச் சந்தையிலிருந்து விரட்டியதாகத் தெரியவில்லை. அதே அம்பத்தூர், அதே ஆவடியில் ஜெர்மன் ஷெப்பர்டும் ராட்வைலரும் தாராளமாக விலைபோகின்றன. ஆபத்தானவை என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் மாநிலங்களுக்கு அனுப்பிய 23 இனங்களின் பட்டியலில் ராட்வைலர் உண்டு, பிட்புல் டெரியர் உண்டு, கோம்பை இல்லை. அந்தச் சுற்றறிக்கை நீதிமன்றங்களில் நிற்கவில்லை என்பது வேறு கதை. மறுபக்கத்துக்கும் சான்று உண்டு. வேல்ஸ் நாட்டில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கேப்டன் ஜான் எட்வர்ட்ஸ் உருவாக்கிய சீலிஹம் டெரியர், டெரியர்களுக்குள் சாதுவானது என்று பெயரெடுத்தது. 1920-களிலும் 30-களிலும் ஹாலிவுட் நட்சத்திரங்கள் மடியில் வைத்துக்கொண்டாடிய நாய். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் வளர்த்தது. 2008-இல் பிரிட்டன் முழுவதிலும் பதிவான சீலிஹம் குட்டிகள் வெறும் 43. ஆண்டுக்கு 300 குட்டிகளுக்குக் குறைந்தால் அங்கே அழிவின் விளிம்பில் உள்ள இனமாகக் கணக்கிடுகிறார்கள். சாது குணம் சீலிஹமைக் காப்பாற்றவில்லை. முரட்டுத்தனம் ராட்வைலரைக் கெடுக்கவில்லை. அப்படியானால் கோம்பையின் சரிவுக்கு மட்டும் குணத்தைக் கைகாட்டுவது எப்படிப் பொருந்தும்?

பயிற்சிக்கு வளையாது என்ற வாதமும் நிற்காது. பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் நாட்டு நாய்களைப் பற்றிப் பேசியபோது, மத்திய ரிசர்வ் காவல் படை (சி.ஆர்.பி.எஃப்.) கோம்பையைச் சேர்த்துக்கொண்டதைக் குறிப்பிட்டார். அதே படையின் பெரிய முகாம் ஒன்று ஆவடியில்தான் இருக்கிறது என்பது சுவையான ஒற்றுமை. ஆனாலும் அந்தப் படையின் முதன்மை நாய் பெல்ஜியன் மாலினாய்தான். மாலினாய்க்குப் பல தலைமுறை வம்சாவளி ஏடு உண்டு. பயிற்சி முறை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நூறு குட்டி கேட்டால் ஒரே தரத்தில் நூறு கிடைக்கும். கோம்பைக்கு இவற்றில் எதுவும் இல்லை. நாட்டு இனங்களைப் பெருக்க மாநில கால்நடைத் துறை சைதாப்பேட்டையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திய நாய் இனப்பெருக்கப் பிரிவு, பராமரிப்புக் குறைகளுக்காக வழக்கு வரை போய் 2010-களில் மூடப்பட்டது. 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு நான்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு ஒன்று கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலாகப் பதிவுசெய்த நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும்தான். ஏட்டில் ஏறாத இனத்துக்குத் தரம் வகுப்பார் இல்லை. தரம் இல்லாததால் எந்தச் செவலை நாயும் கோம்பை ஆகிவிடுகிறது.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்வார்கள்: 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்று ஒரு அலையே எழுந்ததே, யூடியூப் திறந்தால் கோம்பை வீடியோக்கள்தானே, சரிவு எங்கே? பேச்சு கூடியிருப்பது மெய்தான். ஆனால் அந்த அலை வாங்குபவரைக் கூட்டியது, வளர்ப்பவரை அல்ல. தேவை ஏறியதும் நிறத்தைப் பார்த்துக் குட்டி எடுக்கும் பழக்கம் வந்தது. பன்றியின் முன் நிற்கும் நெஞ்சுரத்தைப் பார்த்து இணைசேர்த்த பழைய வேட்டைக்காரரின் தேர்வு போய், வாய் எவ்வளவு கறுப்பு என்பது தேர்வாயிற்று. 2003-இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் தோன்றிய பிறகு பக் நாய்க்கு வந்த மவுசும் இந்த வகைதான். அதில் பக் இனத்துக்கு நன்மை ஏதும் விளையவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தெருவெல்லாம் நாய்கள் இருக்கும்போது ஒரு இனத்தைத் தனியாகப் பெருக்குவது தேவையா என்று விலங்கு நல ஆர்வலர்கள் கேட்கிறார்கள். கொரட்டூரிலோ திருவேற்காட்டிலோ அடுக்குமாடியில் இருப்பவருக்குத் துணைக்கு ஒரு நாய் வேண்டுமென்றால், தெருக்குட்டியை எடுத்து வளர்ப்பதே நியாயம். அவருக்குக் கோம்பை வேண்டாம், கோம்பைக்கும் அவர் வேண்டாம். இனத்தைக் காப்பது வேறு கணக்கு. அதற்கு ஆயிரம் வீடுகள் தேவையில்லை. தோட்டமும் மலையடிவாரமும் உள்ள சில வளர்ப்பாளர்களும், தாய் தந்தை பெயரோடு குட்டிகளைப் பதியும் ஓர் ஏடும், குணத்தைச் சோதித்து இணைசேர்க்கும் ஒழுங்கும் போதும். தென்காசி மாவட்டம் சாயமலையில் நாட்டு நாய் இனப் பாதுகாப்பு மையத்தை அரசு அமைத்தது இந்தத் திசையில் ஓர் அடி. புறநகர் வீட்டுக்காரர் லாப்ரடார் குட்டி வாங்கும்போது அதன் மூன்று தலைமுறையை எழுதிய கென்னல் கிளப் சான்றிதழைக் கேட்டு வாங்குகிறார். கோம்பைக் குட்டிக்கு அவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் கம்பம் பள்ளத்தாக்கில் யாரோ ஒருவரின் கைப்பேசி எண்தான்.