சீம் சீலர்: அவசரத்தில் தடவிய வரலாறு

பழைய கார்களைப் பிறந்த மேனிக்கு மீட்டெடுக்கும் ஆட்களிடம் ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. வெளிப் பெயின்ட்டைக் கண்ணாடி மாதிரி மினுக்கிவிட்டு, டிக்கிக்குள்ளும் காரின் அடிப்பக்கத்திலும் தகடுகள் சேரும் இடத்தில் ஒரு பசையை வேண்டுமென்றே கோணல்மாணலாகத் தடவுவார்கள்! கிறுக்குத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கோணலுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை வரலாறே இருக்கிறது.

முதலில், இந்தப் பசை எதற்கு? ஆரம்பகாலக் கார்களின் உடல் மரச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டது. 1910களில் அமெரிக்காவில் எட்வர்ட் பட் என்பவரின் கம்பெனி, டாட்ஜ் கார்களுக்கு முழு எஃகு உடல்களைச் செய்து கொடுக்கத் தொடங்கியது. பிறகு ஸ்பாட் வெல்டிங் பரவியது. இரண்டு தகடுகளை அழுத்திப் பிடித்து மின்சாரம் பாய்ச்சினால் அந்தப் புள்ளி மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். சட்டைக்குப் பட்டன் போட்ட மாதிரிதான். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இடைவெளி இருக்குமல்லவா? அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர், தூசி, காற்றுச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். துருவும் அங்கேதான் பிடிக்கும். அதை அடைக்க வந்ததுதான் சீம் சீலர்.

தனிச் சட்டம் (சேஸி) இல்லாமல், உடலே பாரத்தைத் தாங்கும் கார்கள் வந்ததும் விஷயம் இன்னும் பெரிதானது. 1934இல் வந்த சித்ரோயன் திராக்சியோன் அவான் அப்படிப்பட்டது. 1964இல் வந்த ஃபோர்ட் மஸ்டாங்கும் அப்படித்தான். இவற்றில் இணைப்பு துருப்பிடித்தால் போவது அழகு மட்டுமல்ல, காரின் பலமும்தான்.

சரி, கோணல் எங்கிருந்து வந்தது? நேரத்திலிருந்து! 1960களில் ஒரு பெரிய அமெரிக்கத் தொழிற்சாலையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கார் நகர்ந்துபோகும். பிரைமர் அடித்த உடலில், மேல் பெயின்ட் ஏறுவதற்கு முன் தொழிலாளி சீலரைப் பிதுக்கி பிரஷ்ஷால் இழுத்துவிட வேண்டும். கண்ணில் படும் இடத்தில் கொஞ்சம் ஒழுங்கு இருக்கும். மறைவான இடத்தில் தண்ணீர் புகாமல் இருந்தால் போதும். ஜெனரல் மோட்டார்ஸின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் வேகா கார்கள் மணிக்குச் சுமார் 100 வரை ஓடின. ஒருவருக்குக் கிடைத்தது 36 நொடிகள். இந்த வேகமும் ஆள்குறைப்பும் பொறுக்காமல் 1972 மார்ச்சில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 22 நாள் நீடித்தது.

ஆக, அந்தக் கோணல் கோடு ஒரு சாட்சி. ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை நடந்தது என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. சீலரின் மேல் தொழிற்சாலைப் பெயின்ட் இருந்தால் அது முதலில் தடவியது. பெயின்ட்டின் மேல் சீலர் உட்கார்ந்திருந்தால் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. 1967–69 கமாரோ கார்கள் ஒஹையோவின் நார்வுட், கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் என இரண்டு ஆலைகளில் தயாராயின. எந்த ஆலையின் கார் என்று பார்த்துத்தான் மீட்டெடுப்பவர்கள் இத்தகைய விவரங்களை ஒப்பிடுகிறார்கள். 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டெடுப்போர் சங்கம், கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்திருக்குமோ அதையே மதிப்பீட்டின் அளவுகோலாக வைத்தது. அங்கே தொழிற்சாலையை மிஞ்சிய நேர்த்தியும் ஒரு குறைதான்!

செய்வது எப்படி? கை படாத பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். கோட்டின் அகலத்தை அளக்கிறார்கள். முரட்டு மயிர் பிரஷ்ஷை வைத்து வேண்டாத தகட்டில் பழகிய பிறகே காரில் தடவுகிறார்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் உள்ளே தேங்கும் நீரே காரைத் தின்றுவிடும். பசையும் பெரும்பாலும் பழைய பசை அல்ல. ஆலையில் பெயின்ட் அடுப்பின் சூட்டில் இறுகும் வகைகள் இருந்தன. வீட்டு ஷெட்டில் அந்த அடுப்புக்கு எங்கே போவது? காற்றின் ஈரத்தில் இறுகும் பாலியூரிதேன் போன்றவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். தோற்றம் பழையது, பொருள் புதியது.

இங்கேதான் ஒரு சங்கடம். சாட்சியைப் போலவே இன்னொரு சாட்சியைச் செய்தால் அது பொய்ச்சாட்சி ஆகாதா? மறைத்து விற்றால் ஆகும் என்பேன். அதனால்தான் பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டியூரின் சாசனம், செய்த வேலையைப் பதிவு செய்யச் சொல்கிறது. மாற்றிய பாகங்களில் அழியாத அடையாளமும் இடச் சொல்கிறது. அசல் பசை எங்காவது மிச்சமிருந்தால் அதைச் சுரண்டாமல் விடுவது எல்லாவற்றையும் விட நல்லது.

காரை வடிவமைத்தவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அந்த 36 நொடிக்காரரின் பெயர் எங்கும் இல்லை. அவர் போட்ட கையெழுத்து அந்த பிரஷ் கோடு ஒன்றுதான். அதைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது காரோடு சேர்த்து அவரையும் அழித்துவிடுகிறோம். பழைய கார் ஒன்று கண்ணில் பட்டால் பானெட்டோடு நின்றுவிடாதீர்கள் நண்பர்களே, டிக்கிக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.