அரிக்கமேட்டு ஜாடியின் கைப்பிடி



நம் ஊர்ப் பெயரைச் சொன்னால், "பூம்புகாரா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது நமக்குப் பழகிப்போனது. நம்முடையது தென்பெண்ணைக் கரை. அந்த ஆறு கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அதற்குச் சற்று வடக்கே, அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டுக்கு இன்று போவோம்.

இயேசு பிறந்த காலத்தில் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கச் சொன்ன அகுஸ்து சீசரை லூக்கா நற்செய்தியில் அறிவோம். ஊர்ச் சிறுவர்கள் அரிக்கமேட்டில் பொறுக்கியவற்றை 1937-இல் வாங்கிப் பார்த்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய், ஒரு மணிக்கல்லில் இருந்த தலை அந்த அகுஸ்துவுடையதே என்றார். பிறகு போஷோ அடிகளாரும் சுர்லோ என்பவரும் அங்கே தோண்டினார்கள். இருவரும் தொல்லியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் கிடைத்தவற்றில் சிலவற்றை அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். அதுதான் பெரிய காரியம்.

1944-இல் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தவர் மார்ட்டிமர் வீலர். பிரிட்டனின் முதல் மறைசாட்சியான புனித ஆல்பனின் ஊரில், பழைய உரோமை நகரைத் தோண்டியவர். சென்னை அருங்காட்சியக அலமாரியில் ஒரு ஜாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் அவர் கையில் பட்டன. திராட்சை இரசமும் எண்ணெயும் ஏற்றும் உரோமை ஜாடி என்று உடனே கண்டுகொண்டார். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தது என்றார்கள்.

1945-இல் அவரே தோண்டினார். குயவர் முத்திரை பதித்த இத்தாலியின் அரெட்சோ சிவப்புக் கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைகளின் காலமும் தெரிந்தது. தென்னிந்தியப் பானைகளுக்கு வயது சொல்ல அதற்குமுன் உறுதியான அளவுகோல் இல்லை. 1947-இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியில், பெருங்கற்காலக் கல்லறைகளின் காலத்தைக் கணிக்க இதையே வீலர் பயன்படுத்தினார். நம் மாவட்டத்து மல்லசந்திரம் கல்திட்டைகளும் அந்த மரபைச் சேர்ந்தவையே.

ஆனால் மேற்கத்திய வணிகர் வருமுன் அது வெறும் மீனவர் குப்பம் என்பதே வீலர் கண்ட காட்சி. இதை நாம் ஏற்கவேண்டியதில்லை. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தாரோடு தோண்டி, கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே வணிகம் நடந்ததைக் காட்டினார்.

வேளாங்கண்ணிக்குப் புதுச்சேரி வழியாகப் போகிறவர்கள் அரியாங்குப்பத்தில் இறங்கிப் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டு மறைப்பணியாளர் இல்லத்தின் செங்கல் சுவர்கள் மரங்களுக்கிடையே இன்னும் நிற்கின்றன.