முத்துக்குளித்துறையில் உயிர்காப்பின் செலவுக் கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் வரவுசெலவை வணிகக் கண்ணோடு குறித்துவைத்தார். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாக்கள் குளியாளரை அண்டாதபடி மந்திரத்தால் கட்டிவைப்பவருக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாதென்று மாலையில் அவிழ்த்துவிடுவார்களாம். மந்திரம் பலித்ததா என்பது இருக்கட்டும். கடலில் இறங்குபவனின் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு கட்டணம், அதுவும் அரசன் பங்கில் பாதி அளவுக்கு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வழக்கத்தில் இருந்தது. அதைக் கட்டியவர்கள் குளியாளரைக் கூலிக்கு அமர்த்திய வணிகர்கள்.

பிரிட்டிஷார் காலத்திலும் இந்தச் செலவினம் மறையவில்லை. மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இலங்கையின் முத்துக்குளிப்புகளில், சுறாக்களை மந்திரத்தால் கட்டும் ‘கடல் கட்டி’ அரசாங்கச் சம்பளத்திலேயே இருந்தார். இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவுசெய்கிறார். அந்தத் தொழில் பரம்பரை உரிமை என்றும், அப்போதைய குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்றும், அப்படியிருந்தும் மந்திரத்தின் மேல் குளியாளருக்கு இருந்த நம்பிக்கை குறையவில்லை என்றும் எழுதுகிறார். பகுத்தறிவு பேசிய ஆட்சி மந்திரவாதிக்கு ஏன் படியளந்தது? கடல் கட்டி வராவிட்டால் குளியாளர்கள் இறங்கமாட்டார்கள். இறங்காவிட்டால் சிப்பி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுடையது. குளியாளருக்கு மிஞ்சியது மூன்றில் ஒன்று. வருமானத்தைக் காக்கத்தான் அந்தச் சம்பளம்.

உண்மையில் உயிரைக் காத்தவர் படகில் கயிறு பிடித்து நின்றவர். மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தங்கை தாலி அவன் கையில் என்பதால் பிடி தளராது என்று கரையில் இன்றும் சொல்வதுண்டு. அரசாங்க ஊதியப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. குளியாளரின் பங்கிலிருந்தே அவருக்கும் பங்கு.

வருமானம் சம்பந்தப்படாத இடத்தில் மீட்பு எப்படி நடந்தது என்பதற்கு 1544ஆம் ஆண்டு ஜூன் மாத நிகழ்ச்சி ஒன்று போதும். வடக்கிலிருந்து வந்த வடுகப் படை கன்னியாகுமரிப் பக்கத்துப் பரதவர் ஊர்களைச் சூறையாடியது. தப்பியவர்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மணப்பாட்டில் இருந்த கத்தோலிக்க மதபோதகர் பிரான்சிஸ் சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், புன்னைக்காயல் முதலிய ஊர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகளிடம் உதவி திரட்டச் சொல்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: ஏழைகளிடம் கேட்கக் கூடாது, எவரையும் கட்டாயப்படுத்தவும் கூடாது, மனமுவந்து தருவதை மட்டும் வாங்க வேண்டும். தோணிகள் போய்ச் சேரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிவிட்டு மணப்பாட்டுக்கே திரும்பின. பிறகு அவர் தரைவழியாக நடந்து குமரிமுனைக்குப் போனார்.

ஊர்த் தோணி, ஊர்த் தலைவர்கள், விருப்ப நன்கொடை: தன்னார்வக் கடல் மீட்புக்கு வேண்டிய மூன்றும் அங்கே ஒன்றுகூடின. ஆனால் அது ஒரு நிலையான அமைப்பாக வளரவில்லை. அதே காலத்தில் பரதவர்கள் போர்ச்சுகல் ராணியின் பாதணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் கப்பம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை வேதம் கற்பிக்கும் உபதேசிகளின் சம்பளத்துக்குத் திருப்பித் தரும்படி சவேரியார் கேட்டார். மீட்புத் தோணிக்கென்று எந்தக் கப்பத்தையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் கதை வேறு விதமாகப் போனது. 1824இல் வில்லியம் ஹிலரி தொடங்கிய உயிர்மீட்புப் படகுச் சங்கம், இன்று ஆர்.என்.எல்.ஐ. என்று அறியப்படுவது, நன்கொடையில் ஓடியது. பணமுடை வந்தபோது 1854இல் அரசு மானியத்தை ஏற்றது. பணத்தோடு கூடவே அதிகாரிகளின் தலையீடும் வந்தது. 1869இல் மானியமே வேண்டாம் என்று விட்டுவிட்டது. ஆனாலும் அரசின் கை வேறு பக்கமாக நீண்டது. 2008இல் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், கடல்சார் ரேடியோ அலைவரிசைகளுக்குச் சந்தை விலையை ஒட்டிக் கட்டணம் விதிக்க முன்வந்தபோது, அபாயக் குரலைக் கேட்பதற்கே காசா என்று அந்நாட்டில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது.

இங்கே தூத்துக்குடிக் கடலிலும் கட்டணங்களுக்குக் குறைவில்லை. 1927ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் விளக்குத் தீர்வை வசூலித்தது. ஐம்பது டன்னுக்குக் குறைந்த கலங்களுக்கு விலக்கு. அதன் இடத்தில் 2021இல் புதிய சட்டம் வந்தது. 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடி தனக்கென்று துறைமுகக் கட்டணங்களை வாங்குகிறது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும். கடலோரக் காவல்படைகூட உயிர்காப்பை முதல் நோக்கமாக வைத்துப் பிறந்ததல்ல. கடத்தலால் சுங்க வருமானம் கரைவதைக் கண்டு 1974இல் அமைக்கப்பட்ட ருஸ்தம்ஜி குழுவின் பரிந்துரையில் உருவாகி, 1978இல் சட்ட வடிவம் பெற்றது. தேடல், மீட்பை ஒருங்கிணைக்கும் தேசிய வாரியம் அமைந்தது 2002இல்தான். அபாயத்தில் அழைக்க 1554 என்ற எண் இருக்கிறது. மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

ஆனால் கரை திரும்பாத வள்ளத்தைத் தேடி முதலில் போவது பெரும்பாலும் பக்கத்து வள்ளம்தான். திரேஸ்புரத்திலோ தருவைக்குளத்திலோ ஒரு வள்ளம் நேரத்துக்கு வராவிட்டால், எந்தப் பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) பக்கம் வலை விட்டான், நீரோட்டம் எங்கே இழுக்கும் என்று ஊருக்குத் தெரியும். போகிற வள்ளத்துக்கு டீசல் சொந்தக் காசு. பங்குத் தொழிலில் மீன் இல்லாத நாளுக்குப் பங்கும் இல்லை. ஆகவே தேடலுக்குப் போன ஒவ்வொருவரும் அன்றைய வருமானத்தை இழக்கிறார். இந்த இழப்பை எழுத எந்த அலுவலகப் பேரேட்டிலும் ஒரு தலைப்பு இல்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது குமரி, திருவனந்தபுரம் மாவட்ட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே உறவுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு இருபது லட்சம் ரூபாய் வழங்கியது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனபோது, படகுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் பழுதுச் செலவும் தருவதாகக் கேரள அரசு அறிவித்தது. உயிரைக் காப்பாற்றியதற்குப் பணம் வேண்டாம் என்று மறுத்த மீனவர்களும் உண்டு. அந்த மறுப்பை ஊர் கொண்டாடியது. பழுதான எஞ்சினுக்கு அது உதவாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளத்திலும் மீனவர் படகுகள் இறக்கப்பட்டன.

அண்மைக் காலத்தில் கருவிகளுக்குப் பணம் வந்திருக்கிறது. 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் இலவசம். அபாயச் செய்தி இனிமேல் விரைவாகக் கிடைக்கும். அருகில் இருப்பதால் வலையை அறுத்துவிட்டு ஓடுகிற படகின் கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

சட்டம் இதை எண்ணிப் பார்க்காமலும் இல்லை. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 402ஆம் பிரிவின்படி, இந்தியக் கடல் எல்லைக்குள் ஒரு கலத்திலிருந்து உயிரை மீட்பவருக்கு அக்கலத்தின் உரிமையாளர் நியாயமான தொகை தர வேண்டும். சரக்குக் கப்பலை மனதில் வைத்து எழுதிய பிரிவு அது. வள்ளத்தைப் பறிகொடுத்து நிற்கும் அண்டை வீட்டுக்காரரிடம் போய் அந்தப் பிரிவைக் காட்டிக் காசு கேட்க எந்த மீனவருக்கு மனம் வரும்? அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறியிருக்கிறது. இந்த நேரத்தில், தேடலுக்குப் போன படகின் டீசலுக்கும் விடுபட்ட நாளின் பங்குக்கும் ஒரு நிதித் தலைப்பு கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. நாள் கணக்கில் படகுக்கு ஒரு தொகையைக் கேரளம் 2018இலேயே அறிவித்துக் காட்டியிருக்கிறது.